வலது பக்கத்துக் கடைசிப் பெயர்

ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. அங்கே கற்றதில் என்னோடு தங்கியது கையெழுத்து மட்டும்தான். அதை வைத்துச் சுவரில் எழுதிப் பிழைத்தேன். கட்சிப் பெயர், சிமெண்ட் பெயர், பல் டாக்டர் பெயர். பிளெக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. பிறகு திருப்பூர், ஓசூர், கொஞ்ச நாள் கேரளா, திரும்பி வந்து செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் எட்டு மாதம். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதும் இல்லை. ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அவ்வளவுதான்.

பெயிண்ட் வேலைக்கு வந்தபோதுதான் முகாம் ஆட்கள் பழக்கமானார்கள். வாடிப்பட்டி போகிற சாலையிலிருந்து பிரிந்து வயலுக்குள் போனால் அந்த முகாம். இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களும் இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். வாசல் பலகையில் இப்போது மறுவாழ்வு முகாம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகையை எழுதியது நான் இல்லை. நான் எழுதியிருந்தால் எழுத்துகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருப்பேன்.

முகாமுக்குள் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில் உண்டு. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, மரப் பீடம். இலங்கையிலிருந்து ஒரு ஆயர் வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடித்துப் பீடத்துக்கு மேலே பைபிள் வசனம் எழுத எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேர். நான், செல்லூர்க்காரன் ஒருவன், முகாமிலேயே பிறந்த ஒருவன்.

"மாப்ள, பிஷப்பு வாராராம்ல. பிரியாணி உண்டா?" என்று செல்லூர்க்காரன் ஏணியில் இருந்து கேட்டான்.

"ஓம். உனக்கு மட்டும் கஞ்சி," என்றான் முகாம்காரன்.

"கஞ்சியோ கூழோ, அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராரே, என்னத்துக்கு?"

"லிஸ்ட் எடுக்க."

என்ன லிஸ்ட் என்று அவனே சொன்னான். போரில் காணாமல் போனவர்களின் பட்டியல். போர் நடந்தபோது அந்த ஆயர் காரில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவே போய்வந்தவராம். ஒரு பக்கத்திடம் பிடிபட்டவனை அவர்களிடமே போய்க் கேட்டு வாங்குவார், அந்தப் பக்கத்து மருந்தை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவருவார். இரண்டு பக்கமும் அவரை அடுத்த பக்கத்து ஆள் என்று சொன்னதாம். போர் முடிந்த பிறகு அரசாங்கம் கூட்டுகிற சமாதானக் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். கடல் கடந்து வந்தவர்களிடமும் பெயர் வாங்கிக்கொண்டு போய் அங்கே மேலிடத்தில் நேராகக் கொடுக்கப் போகிறார்.

"குடுத்தா?" என்றான் செல்லூர்க்காரன்.

"குடுத்தாக் குடுத்ததுதான்."

கோயில் சாவி ஒரு அக்காவிடம் இருந்தது. தினமும் காலையில் வந்து திறப்பாள், கூட்டுவாள், பதினொரு மணிக்குத் தேநீர் கொண்டுவருவாள். அவள் அதைத் தேத்தண்ணி என்பாள். அறுபதை நெருங்கும் வயது. போர் முடிவதற்கு முன்பே கைக்குழந்தையோடு படகேறி வந்தவள். அந்த மகள் இப்போது கல்யாணமாகி வேறு முகாமில் இருக்கிறாள். புருஷன் பிறகு வருகிறேன் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

வெள்ளையடித்த நாலு நாளில் அவள் எனக்குச் சொன்னது இதுதான். போர் முடிந்த வாரம் அவர் ஆயிரக்கணக்கான ஆட்களோடு ராணுவத்தின் பக்கம் நடந்து வந்தார். ஆண்களைத் தனியாகப் பிரித்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவள் நாத்தனார் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஏறும்போது அவருடைய ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. அவர் இறங்கி அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். பஸ் போனது. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

"சாகப் போறனெண்டு தெரிஞ்சவன் இறங்கிச் செருப்பை எடுப்பானோ தம்பி?" என்றாள்.

நான் பிரஷ்ஷை வாளி விளிம்பில் வழித்தேன்.

"அந்த பஸ் எங்க போனது எண்டு ஒருத்தர் கேக்க வேணும். நாங்கள் கேட்டால் பதில் வராது. ஆண்டவர் கேட்டால் அவை ஏதாவது சொல்லித்தானே ஆக வேணும்."

ஆயரைத்தான் அவர்கள் ஆண்டவர் என்கிறார்கள். அவை என்றால் அவர்கள் பேச்சில் அவர்கள்.

இலங்கையில் இதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது என்றும், இறந்தவர் என்று ஒரு தாளும் காணவில்லை என்று ஒரு தாளும் அது கொடுக்கிறது என்றும் சொன்னாள். இரண்டும் அவளுக்கு வேண்டாம். முகாமில் பலர் முதல் தாளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். ஆண்டவரே அவரைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிட்டால் அதற்குப் பிறகு கேட்க ஆளே இல்லை. சொன்னவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வசனத்தின் இரண்டாம் வரிக்குக் கோடு போட்டேன்.

ஆயர் வருவதற்கு முதல் நாள் பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டார். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற பாதிரியார், உள்ளூர்க்காரர், பைக்கில் வந்து போகிறவர்.

"தம்பி, உபதேசியாருக்குக் கால்ல ஆபரேசன். பெரியாஸ்பத்திரில கிடக்காரு. நாளைக்குப் பூசைக் கருத்து லிஸ்ட்டை நீ எழுதிரு. பிஷப்புக்குக் கண்ணு சரியில்ல. இம்புட்டுப் பெருசா எழுதணும்," என்று கட்டைவிரலைக் காட்டினார்.

பூசைக் கருத்து என்பது பூசையில் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமோ அவர்கள் பெயர். ஒரு பெரிய தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பார்கள். இடது பக்கம் உயிரோடு இருப்பவர்கள். பரீட்சை, விசா, மூட்டுவலி. வலது பக்கம் இறந்தவர்கள். ஜனங்கள் துண்டுத் தாளில் எழுதிப் பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டிருந்தார்கள். பெரும்பாலான துண்டுகளில் எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்து எழுதினேன்.

கடைசியாக ஒரு துண்டு. அதில் ஒரு ஆணின் பெயர், வீட்டு எண். வேறு ஒன்றும் இல்லை. இடது பக்கம் அடிவரை நிரம்பியிருந்தது. வலது பக்கம் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. சுவரில் எழுதுகிறவன் இடத்தைப் பார்த்துத்தான் எழுதுவான். வலது பக்கம் எழுதினேன். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் முடிந்தது, பார்க்க நன்றாக இருந்தது.

அந்த அக்கா நாலு நாளும் தன் புருஷனை 'அவர்' என்றுதான் சொன்னாள். ஒரு முறைகூடப் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். வழக்கமாகப் பட்டியல் எழுதுகிற உபதேசியாருக்கு அந்தப் பெயரைத் தெரியும், எந்தப் பக்கம் என்றும் தெரியும். அதனால் வருடக்கணக்காக அவள் வெறும் பெயரை மட்டும் எழுதிப் போட்டுவந்திருக்கிறாள்.

மறுநாள் காலைப் பூசைக்கே வெயில் ஏறிவிட்டது. ஆயர் ஒல்லியாக இருந்தார். இடுப்பில் ஊதாக் கச்சை. காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். நல்ல செய்தி எதுவும் கொண்டுவரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு என் தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

இடது பக்கம் வாசிக்கும்போது ஆட்கள் தங்கள் பெயர் வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வலது பக்கம் வாசிக்கும்போது யாரும் அசையவில்லை. கடைசிப் பெயரை வாசித்தார்.

பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் அந்த அக்கா எழுந்து நின்றாள்.

"ஆண்டவர், அந்தப் பேர் அந்தப் பக்கத்துப் பேர் இல்லை."

பங்குச்சாமி கையைக் காட்டினார். "உக்காருங்கம்மா. பூசை முடியட்டும்."

"முடிஞ்சால் முடிஞ்சதுதான் ஃபாதர்."

ஆயர் தாளை இறக்கினார். "எந்தப் பேரம்மா?"

"கடைசியாய் வாசிச்சது."

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

"என்ர பிள்ளையின்ர தகப்பன்."

ஆயர் தாளை மறுபடி பார்த்தார். "இது ஆர் எழுதினது?"

நான் பின்னால் கதவருகே நின்றிருந்தேன். "நான்தான் சாமி," என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். அவர் தலையை அசைத்துக் கூப்பிட்டார். பீடம் வரை நடந்தேன். காதில் பென்சில் இருந்தது. வலது பக்கத்துக் கடைசிப் பெயரை அடித்தேன். இடது பக்கம் இடம் இல்லை. ஓரத்தில் செங்குத்தாக, கீழிருந்து மேலாக எழுதினேன். ஆயர் தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, இடது பக்கத்தை முதல் பெயரிலிருந்து மறுபடி வாசித்து, அந்தப் பெயரோடு முடித்தார். அக்கா உட்கார்ந்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆண்கள் பக்கத்தில் ஒரு கிழவர் எழுந்தார்.

"அப்ப என்ர தம்பியையும் அந்தப் பக்கம் போடுங்கோ."

"நீதானே அண்ணே கனவில வந்து தண்ணி கேட்டவன் எண்டு செத்த பக்கம் மாத்தினாய்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கனவுதானே. கனவில கேட்டால் செத்தவனோ?"

"அப்ப நான்? வருசா வருசம் அவருக்கு ஆத்துமப் பூசை குடுத்துக்கொண்டு இருக்கிறன். இப்ப எழும்பி வா எண்டு சொல்லவோ?"

"உன்ர புருசனை நீ வைச்சுக்கொள். நான் என்ர தம்பியைக் கதைக்கிறன்."

இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அவளைத் திட்டினாள். ஆரம்பத்தில் காணாமல் போனவர்கள் எல்லாரும் இடது பக்கம்தான் இருந்தார்களாம். வருடம் போகப்போக ஒவ்வொருவராக வலது பக்கம் போயிருக்கிறார்கள். ஒருத்தி மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது மாற்றினாள், ஒருத்தர் மனுவுக்கும் பூசைக்குமாக அலைந்து சலித்து மாற்றினார். கடைசியில் அவர்களில் இடது பக்கம் மிச்சம் இருந்தது அக்கா புருஷனின் பெயர் மட்டும். இதையெல்லாம் அந்தச் சண்டையில்தான் தெரிந்துகொண்டேன்.

துப்பாக்கிக்கு நடுவே போய்வந்தவர் என்று சொன்னார்களே, ஏதாவது செய்வார் என்று பார்த்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. தாளைப் பீடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவசரப்படவில்லை, கையும் உயர்த்தவில்லை. அவர்கள் குரல் தானாக இறங்கியதும் பேசினார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் நான் இங்கதான் இருப்பன். ஒவ்வொருத்தராய் வாங்கோ. இப்ப பூசையை முடிப்பம்."

முடித்தார்.

கோயிலுக்கு வெளியே வேம்படியில் ஒரு மேசை போட்டார்கள். தன் கையெழுத்து தனக்கே புரியாது என்று சொல்லி ஆயர் என்னை எழுத உட்கார வைத்தார். பயணச் சீட்டு எடுக்க நிற்கிற மாதிரி ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

நான் புதுத் தாளில் நடுக்கோடு போட ஸ்கேலை வைத்தேன். "கோடு வேண்டாம்," என்றார். வந்தவர்களிடம், காணாமல் போனவர் உயிரா சாவா என்று கேட்கவே இல்லை. பெயரை வாங்குவார். பிறகு, "அவையிட்ட நான் என்ன கேக்க வேணும்?" என்பார். அவர்கள் சொல்வதை அப்படியே பெயருக்கு எதிரே எழுதச் சொல்வார்.

ஒருத்தி எலும்பு கிடைத்தால் அனுப்பச் சொன்னாள். ஒருவர் எந்த ஊரில் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். கனவு கண்ட கிழவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, தம்பிக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்கச் சொன்னார். காலையில் அவரோடு சண்டை போட்ட பெண், "நான் ஒண்டும் கேக்கேல்லை. பேரை மட்டும் எழுதுங்கோ," என்றாள். அவள் புருஷன் பெயருக்கு எதிரே வெறுமையாக விட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மகனுக்காக இறப்புத் தாள் வாங்கிய ஒருவர் வரிசையில் பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தலைப்பு இல்லாமல் தாள் மொட்டையாக இருந்தது. "மேல என்ன சாமி எழுதட்டும்?" என்றேன்.

"ஒண்டும் வேண்டாம். தலைப்புப் போட்டால் அவை அதை மட்டும்தான் வாசிப்பினம்."

பத்துப் பதினைந்து வருடம் தலைப்பு எழுதிப் பிழைத்தவன் நான். அடுத்த பெயரை எழுதினேன்.

கடைசியாக அந்த அக்கா வந்தாள். உட்காரச் சொன்னார், நின்றாள்.

"பஸ் எங்க போனது எண்டு கேளுங்கோ," என்றாள்.

நான் எழுதினேன்.

"போன முறையும் பஸ்ஸைப் பற்றிக் கேட்டனான் அம்மா. உங்கட பஸ் இல்லை, வேற ஆக்கள் போன பஸ்."

"என்ன சொன்னவை?"

"பாப்பம் எண்டவை. தேத்தண்ணி தந்தவை."

"குடிச்சனீங்களோ?"

"குடிச்சனான்."

"இந்த முறை குடியாதேங்கோ."

பங்குச்சாமி இருமினார். ஆயருக்குக் கோபம் வந்ததா என்று தெரியவில்லை. மேசை மேல் இருந்த தாளை நேராக்கி வைத்தார்.

"குடிக்காட்டி அடுத்த முறை உள்ள விடமாட்டினம்," என்றார். "உள்ள போக வேணுமே, அம்மா. அந்தத் தேத்தண்ணிக்காக என்னை எங்கட சனமே பேசுறவை. பேசட்டும்."

"அப்ப குடியுங்கோ. ஆனா பஸ்ஸைக் கேட்ட பிறகு குடியுங்கோ."

"அப்பிடியே செய்யிறன்," என்றார்.

கார் போன பிறகு நாங்கள் ஏணியைக் கழற்றினோம். செல்லூர்க்காரன், "அண்ணே, ஒத்தப் பேரு எழுதி ஊரையே எந்திரிக்க வச்சுட்டியே," என்றான். அக்கா கோயிலைப் பூட்ட வந்தாள்.

"தெரியாம எழுதிட்டேன்க்கா."

"உனக்கு எப்பிடித் தெரியும். நான் பேர் சொல்லேல்லைத்தானே." சாவியை இடுப்பில் செருகினாள். "எழுத்து வடிவாய்த்தான் இருந்தது."

அதற்குப் பிறகு நாலு மாதம் அந்தப் பக்கம் வேலை இருந்தது, அதனால் இருந்தேன். முகாமுக்கு அடுத்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரைஸ் மில். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டனுப்பினார். ஆயரிடமிருந்து தபால் வந்திருந்தது. பட்டியலைக் கொடுத்தாயிற்று, வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வகைத் தாளில் ஒன்றுக்கு விண்ணப்பம் செய்தால் மேற்கொண்டு பார்ப்பதாகச் சொன்னார்கள். விண்ணப்பப் படிவங்களைக் கூடவே அனுப்பியிருந்தார். பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன், குறித்துக்கொண்டார்கள் என்று கடைசியில் தனியாக ஒரு வரி இருந்தது.

படிவம் நிரப்ப மறுபடி என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கனவு கண்ட கிழவர் தம்பிக்கு இறந்தவர் என்ற தாளுக்கே கையெழுத்துப் போட்டார். தான் போவதற்குள் ஒன்று முடியட்டும் என்றார். சண்டை போட்ட பெண் காணவில்லை என்ற தாளை எடுத்தாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. வேறு சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று படிவத்தை மடித்து எடுத்துப் போனார்கள்.

அக்காவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். இரண்டாவதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இதில பஸ் எழுத இடம் இருக்கோ?"

"இல்லக்கா."

"அப்ப வேண்டாம்."

பங்குச்சாமி பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, பிஷப்பு அவரால ஆனதச் செஞ்சுட்டாரு. காணலன்னு போட்டா செத்ததா ஆயிராது. ஃபாரம் குடுத்தாத்தான் ஃபைல் நகரும்."

"நகரட்டும் ஃபாதர். நான் நிப்பாட்டேல்லை. அதில கையெழுத்து வைச்சால் அவை ஒரு தாளைத் தந்துபோட்டு முடிஞ்சுது எண்டுவினம். தாள் வாங்கினவளுக்குப் பிறகு என்ன கேள்வி எண்டு கேப்பினம். எனக்குத் தாள் வேண்டாம். பதில்தான் வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலே வற்புறுத்தவில்லை. அவர் பைக்கில் போன பிறகு அவள் என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவருக்கு ஒரு கடிதம் எழுது தம்பி."

எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பஸ்ஸின் நிறம், நாத்தனார் நின்ற இடம், நேரம். எத்தனை பேர் ஏறினார்கள் என்று அவளுக்குத் தெரிந்த அளவு. செருப்பு விழுந்ததையும் எழுதச் சொன்னாள். அடுத்த முறை உள்ளே போகும்போது இதை மறுபடி கேட்க வேண்டும், கேட்கிற ஒவ்வொரு முறையும் நான் இங்கே இருப்பேன் என்று முடிக்கச் சொன்னாள். புருஷன் பெயரை வாயால் சொல்லவில்லை. என் பேனாவை வாங்கி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். நான் அதைப் பார்த்துக் கடிதத்தில் எழுதினேன்.

வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். பிறகு கடிதத்தை வாங்கி, விரலை வைத்து அந்தப் பெயரைத் தேடினாள்.

"பேருக்கு முன்னால அமரர் எண்டு ஒண்டும் போடேல்லைத்தானே?"

"திருன்னு போட்டிருக்கேன்க்கா."

பார்த்தாள்.

"அது இருக்கட்டும்," என்றாள்.